கிழக்கோடைச் சாலை

அக்டோபர் 6

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீங்கள் பாதியில் எழுந்து போன பிறகு நமக்குள் ஒரு பேச்சும் இல்லை. திடீரென்று நலமா என்று கேட்டால் எனக்கே நடிப்பாகத் தெரியும். தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மகளிடம், "உன் மாமியார்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா" என்றேன். "நான் என்ன தபால்காரியா? உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்கப்பா. எழுதிப் போடுங்க" என்று வைத்துவிட்டாள். எனவே எழுதுகிறேன்.

முகத்துவாரத்து ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் நிலையத்துக்கு நான் பொறுப்பாளன் என்பது கல்யாணப் பேச்சின்போதே உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை. ஆற்றுத் தண்ணீரை இழுத்து, படிகாரம் கலந்து, சேற்றைப் படியவிட்டு, மணல் வழியாக வடிகட்டி அனுப்புகிறோம். முன்பெல்லாம் மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும்தான் தண்ணீர் கலங்கும். இப்போது ஒரு தூறல் போதும், தேநீர் நிறத்தில் வருகிறது. காலையில் கழுவிய வடிகட்டி மதியத்துக்குள் அடைத்துக்கொள்கிறது. என் ஆட்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வாரிக் கொட்டுகிறார்கள். அந்தச் சேறு வேறெங்கிருந்தும் வரவில்லை. உங்கள் மலையின் மேல்மண் அது.

வாரிக் கொட்டாத மிச்சம் கடலைப் பார்த்துப் போகிறது. போய்ச் சேர்வதில்லை. முகத்துவாரத்திலேயே படிந்து திட்டாகிவிடுகிறது. படகுகள் நேராக வெளியே போன இடத்தில் இப்போது பாம்பு போல வளைந்து போகின்றன. சென்ற வாரம் ஒரு படகு தட்டி நின்றது. கடல்நீர் ஏறும்வரை அதில் இருந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள்.

நீங்கள் மரம் வெட்டும் கூப்பையே மூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல நான் யார்? கிழக்கோடைக்கு மேலே இருக்கும் அந்தச் செங்குத்துச் சரிவை மட்டும் விட்டுவிடுங்கள். புதிதாக அங்கே வெட்டிய சாலைதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கூட்டத்தில் நான் சொன்னதும் அதைத்தான். கொஞ்சம் காரமாகச் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. உங்கள் வீடு அந்த ஓடைக்கு நேர் கீழே இருக்கிறது. மழை முடியும்வரை மகளை இங்கே அனுப்பி வையுங்கள். மாப்பிள்ளையும் வந்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா


அக்டோபர் 13

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பேச்சில் மட்டுமல்ல, எழுத்திலும் நீங்கள் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடுகிறீர்கள். மகளை அனுப்பு என்பதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அதுதான் முதல் வரி என்று எனக்குத் தெரியாதா?

அவள் வரமாட்டாள். நான் தடுக்கவில்லை. "போய்ட்டு வாம்மா" என்று என் வாயாலேயே சொன்னேன். "இங்க வேலை இருக்கு அத்தை" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது மற்றதைப் பேசுவோம். என் வீட்டுக்காரர் மரம் சாய்ந்து இறந்தபோது பாதி வெட்டிய காடும், கூலிக்கு வாசலில் நிற்கும் ஆட்களும், பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனும்தான் எனக்கு மிச்சம். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, வித்துட்டுப் போங்க" என்று சொல்லாதவர் இல்லை. நான் போகவில்லை. இந்தக் குடியிருப்பில் இன்று அடுப்பு எரிவது அந்தக் கூப்பினால்தான். உங்கள் வீட்டு நிலைக்கதவு எதில் செய்தது? படகுத்துறைப் பலகை? அந்தப் படகுகளே? ஆகாயத்திலிருந்து விழுந்தனவா?

மழை பெய்தால் ஆறு கலங்கும். என் மாமனார் காலத்திலும் கலங்கியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வடிகட்டி அடைத்துக்கொண்டால் வடிகட்டியைப் பாருங்கள்.

அனுமதி முறையாக வாங்கியது. வந்து பார்த்த அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மரம் வாங்கும் கம்பெனிக்கு வருடக் கடைசிக்குள் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

கூட்டத்தில் நீங்கள் பேசியது "கொஞ்சம் காரம்" இல்லை. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எழுதக் கூடாததையெல்லாம் எழுதிவிடுவேன். எனவே நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமியார்


அக்டோபர் 29

சம்பந்தியம்மாவுக்கு,

பதிலுக்குப் பதில் எழுதும் மனநிலையில் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் படகில் மீனோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடமாக இந்த முகத்துவாரத்தில் போய் வருகிறவர்கள். ஆனால் மழைக்குப் பிறகு மணல் இடம் மாறியிருந்தது. போகும்போது இருந்த வழி வரும்போது இல்லை. படகின் மூக்கு திட்டில் குத்தி நின்றது, பின்னால் வந்த அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிட்டது. எங்கள் நிலையத்தின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் முகத்துவாரம் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தினேன். அங்கிருந்து கத்தினால் யாருக்குக் கேட்கும்?

தம்பி நீந்திக் கரையேறினான். அண்ணன் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டான். மதியம்தான் எடுத்தார்கள். வாய் நிறைய மணல்.

அவன் மனைவி ஐஸ் ஆலையில் வேலை செய்கிறாள். யாரோ போய்ச் சொன்னதும் கையுறையைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். அழவில்லை. தண்ணீரைப் பார்த்து, "இவ்வளவு ஆழமில்லாத இடத்துலயா?" என்று கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். திட்டின் மேல் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அங்கே ஒருவன் மூழ்க முடியும் என்று அவளால் நம்ப முடியவில்லை.

உங்கள் மரம்தான் அவனைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். அலை கொன்றது, அவசரம் கொன்றது, விதி கொன்றது, எப்படியும் சொல்லலாம். ஆனால் அந்த மணல் போன வருடம் அங்கே இல்லை.

என் மனைவி மகளை நினைத்துத் தூங்குவதில்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மருமகளின் அப்பா


நவம்பர் 3

சம்பந்தி அவர்களுக்கு,

படித்தேன். இறந்தவரின் வயதை நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. என் வீட்டுக்காரரையும் மதியம்தான் எடுத்தார்கள்.

மறுநாள் பையனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு கிழக்கோடைச் சாலைக்கு நடந்தே போனேன். வண்டியில் போகும்போது எதுவும் கண்ணில் படாது. மலையைக் குடைந்து எடுத்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, அதன் மேல்தான் பாதிச் சாலை நிற்கிறது. அந்த வெளிவிளிம்பில் நீளமாக ஒரு வெடிப்பு. என் கை உள்ளே போனது. ஓடையைச் சாலைக்கு அடியில் கடத்திவிடப் பதித்த குழாயில் கிளையும் பட்டையும் அடைத்து, தண்ணீர் சாலை மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. அன்றே வேலையை நிறுத்திவிட்டேன். கம்பெனிக்காரர் போனில் கத்தினார். கத்தட்டும்.

இனி நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி. மருமகளைக் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

அந்தச் சாலைக்குக் கோடு போட்டது உங்கள் மகள்.

எங்கள் மரம் அறுக்கும் மில்லில் கணக்குப் பார்க்கிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நில அளவை படிக்க வைத்தது நீங்கள்தானே? படித்தவள் எத்தனை நாள் ரசீது எழுதுவாள்? வந்த ஆறு மாதத்திலேயே கருவியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள். இரண்டு வழி போட்டுக் காட்டினாள். ஒன்று மலைமுகட்டோடு சுற்றிப் போவது. இன்னொன்று கிழக்கோடையை நேராகக் கடப்பது. "இது பாதி தூரம்தான் அத்தை, மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். ஆனால் நான் கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

உங்களிடம் சொல்லலாம் என்றேன். "ரோடு முடியட்டும், அப்பாவை நேர்ல கூட்டிட்டு வந்து காட்டுறேன்" என்றாள்.

கூட்டத்தில் நீங்கள் எழுந்து என்ன சொன்னீர்கள்? "இந்த ரோட்டுக்குக் கோடு போட்டவன் கையை வெட்டணும்!" என்றீர்கள். மண்டபமே கை தட்டியது. அப்போது உங்கள் மகள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் கோபத்தில் எழுந்து போகவில்லை, சம்பந்தி. அவளை அங்கிருந்து வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது.

படகு கவிழ்ந்த செய்தி கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமியார்


நவம்பர் 8

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். பம்பு இயக்குபவர் வந்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்றார். கண்ணில் படிகாரத் தூள் விழுந்துவிட்டது என்றேன். நம்பினாரோ இல்லையோ, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கை தட்டல் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதே வாக்கியத்தை நடித்துக்கூடக் காட்டினேன். மகள் நடக்கப் பழகியது என் விரலைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

அவளுக்குக் கடிதம் எழுத முயன்றேன். "உன் மேல் தப்பில்லை" என்று எழுதினால் பொய். அவள் படித்தவள், கண்டுபிடித்துவிடுவாள். "தப்புதான்" என்று எழுத என்னால் முடியாது. கிழித்துப் போட்டேன். ஒரு தகப்பன் இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன எழுத வேண்டும்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

எனக்குத் தெரியும் என்பதையாவது அவளிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைக்கும் பாரம் ஒன்றாவது குறையட்டும்.

வேலையை நிறுத்தியதற்கு நன்றி. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மழை மறுபடி வலுக்கும் என்கிறார்கள். ஜாக்கிரதை.

அப்பா


நவம்பர் 21

சம்பந்தி அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறோம் என்று போனில் சொன்னேன். மற்றதை இப்போது எழுதுகிறேன்.

மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாத்திரம் கழுவப் போன மருமகள் திரும்பி வந்து, "ஓடைச் சத்தம் குறைஞ்சிருக்கு பாருங்க அத்தை" என்றாள். நல்லதுதானே என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. உடனே உங்களை அழைத்தாள். கூட்டத்துக்குப் பிறகு அவளாக உங்களை அழைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "அப்பா, அங்க ஆறு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. "மழை நிக்காமலே குறையுதா?" என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

சாலை மண் மொத்தமும் சரிந்து ஓடையை அணை போலக் கட்டிவிட்டது, பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, அது உடைந்தால் குடியிருப்பு இருக்காது. இதைப் புரியவைக்க அவளுக்கு நேரம் இல்லை. வீடு வீடாகக் கதவை உதைத்தாள். "எதையும் எடுக்காதீங்க! மேல போங்க!" என்று கத்தினாள். மரமேற்றுகிறவர்களுக்குத் தலைவரான மேஸ்திரி, "மழையில எங்கம்மா போறது?" என்று நின்றார். அவர் பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இவள் ஓடிவிட்டாள். மனிதர் பின்னாலேயே ஓடினார். என் பையன் நடக்க முடியாதவர்களை லாரியில் ஏற்றினான். நான் வாசலில் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பூட்டை! மருமகள் என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வளையல் உடைந்தது.

மேட்டுக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மரமும் கல்லும் மண்ணுமாக ஒரு சுவர். மில் போயிற்று. அடுக்கிவைத்த மரமெல்லாம் தீக்குச்சி மாதிரி போயிற்று. குடியிருப்பில் மேல் வரிசை மட்டும் நிற்கிறது. என் வீட்டில் சமையலறைச் சுவர் ஒன்று மிச்சம். ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள். மேஸ்திரி எண்ணிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

எல்லோரும் அவளைக் கும்பிட்டார்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "நான் போட்ட ரோடுதான் இடிஞ்சு வந்துச்சு. எதுக்குக் கும்பிடுறீங்க?" என்று கத்தினாள்.

உங்களுக்குத் தெரியும் என்று முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன். "அப்பா என்ன சொன்னார்?" என்றாள். கண் கலங்கினார் என்றேன். அது உண்மைதானே? நீங்கள் என்னிடம் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தேவைப்படுகிறது.

நாளைக் காலைப் பேருந்தில் ஏறுகிறாள், அதற்கு முன் கிடைக்க இதை ஆள் வசம் அனுப்புகிறேன். அங்கேதான் வருகிறாள். எதற்கு என்று சொல்லவில்லை. தடுக்காதீர்கள்.

மாமியார்


நவம்பர் 27

சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அன்று ஆற்றில் தண்ணீர் குறைந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். மழை நின்றுவிட்டது போலிருக்கிறது என்று வடிகட்டிகளை மறுபடி ஓடவிடச் சொன்னேன். அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. துறைமுகத்துக்குப் போன் செய்து படகுகளைக் கரையேற்றச் சொல்ல நேரம் கிடைத்தது அவளால். உங்கள் மரங்கள் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு வந்தன. எங்கள் தண்ணீர் இழுக்கும் குழாயைப் பிய்த்துக்கொண்டு போயின. ஊர் இப்போது லாரித் தண்ணீரைக் குடிக்கிறது.

மகள் வந்தாள். பேருந்து நிலையத்தில் நானும் மனைவியும் நின்றோம். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

"வீட்டுக்கு அப்புறம் போகலாம்பா. அந்தப் படகுக்காரர் வீடு எங்க இருக்கு?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் கடைசி வரி ஞாபகம் வந்தது. கூட நடந்தேன்.

இறந்தவனின் மனைவி வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் உள்ளே எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். மகள் உட்காரவில்லை. "மலையில அந்த ரோட்டை நான்தான் போட்டேன். அந்த மண்ணுதான் இங்க வந்து படிஞ்சுது" என்றாள்.

வலை உதறுவது நின்றது. "தெரியாமப் போட்டியா?"

"கொஞ்சம் தெரியும். சரிவு அதிகம்னு தெரியும். தாங்கும்னு நினைச்சேன்."

"நினைச்சே."

"ஆமா."

கொழுந்தன் எழுந்து வந்தான். கையில் ஸ்பானர். நான் முன்னால் போய் நின்றேன். அவன் என்னைத் தாண்டி அவளையே பார்த்தான். பிறகு உள்ளே போய்விட்டான். அந்தப் பெண் சொன்னாள்: "மன்னிச்சிடுன்னு கேக்க வந்தியா? அது என்கிட்ட இல்ல. இருந்தா குடுத்திருப்பேன்."

மகள் அழத் தொடங்கினாள். அவள் சின்ன வயதில் அழுதது போலவே, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

"இங்க நின்னு அழாத" என்றாள் அந்தப் பெண். "என் கொழுந்தன் அடுத்த வாரம் அதே ஆத்துலதான் படகு எடுக்கப் போறான். வேற வேலை தெரியாது அவனுக்கு. அந்த மணலை உன்னால எடுக்க முடியுமா?"

"கீழ கிடக்கிறதை எடுக்க முடியாது. கடல்தான் கொண்டுபோகணும், வருஷக்கணக்காகும். மேலேருந்து புதுசா வராம நிறுத்தலாம்."

"அப்போ அதைப் போய்ச் செய்."

அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை. மறுபடி வலையை உதறத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதத் தெரியாமல் நான் கிழித்துப் போட்ட கடிதத்துக்கு அதற்கு மேல் வார்த்தை இருப்பதாகத் தோன்றவில்லை.

நாளை கிளம்புகிறாள். இந்த முறை இரு என்று நான் சொல்லவில்லை.

உங்கள் சம்பந்தி


ஜனவரி 18

அன்புள்ள சம்பந்திக்கு,

மேல்சரிவின் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்காரர் வழக்குப் போடுவேன் என்கிறார். சில குடும்பங்கள் வேறு மலைக்குப் போய்விட்டன. போகும்போது ஒரு பெண் என் முகத்துக்கு நேரே, "உங்க மருமக காப்பாத்தினா, நீங்க பட்டினி போடுறீங்க" என்றாள்.

மிச்சம் இருக்கும் ஆட்களோடு கிழக்கோடைச் சாலையைப் பிரிக்கிறோம். ஆமாம், பிரிக்கிறோம். பள்ளத்துப் பக்கம் தள்ளிய மண்ணை வாரி மலைப் பக்கமே திருப்பிப் போடுகிறோம். புல்டோசர் ஓட்டுகிறவன், "போட்டதை எடுக்கிறதுக்கு ஒரு புல்டோசரா? ஊரு சிரிக்கும்மா" என்றான். சிரிக்கட்டும் என்றேன். மருமகள் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள். சாப்பிடுகிறாள். சில நாள் பேசுகிறாள், சில நாள் இல்லை. பையன் அவளோடு போகிறான். இரண்டு பேரும் சண்டை கூடப் போடுகிறார்கள். அது நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை, அந்தச் சாலை கடக்கும் இரண்டாவது ஓடையின் குழாயைத் தோண்டி எடுக்கிறோம். தண்ணீர் பழையபடி தன் வழியில் போகும். "எடுத்ததும் கொஞ்ச நேரம் சேறு வரும், அப்புறம் தெளிஞ்சிடும். அப்பாவுக்குச் சொல்லிடுங்க அத்தை" என்றாள். "நீயே சொல்லேன், நான் என்ன தபால்காரியா?" என்றேன். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். ஆனாலும் என்னையே எழுதச் சொன்னாள். ஆள் வசம் கொடுத்தனுப்புகிறேன், தண்ணீருக்கு முன்னால் வந்துவிடும்.

ஆகவே சம்பந்தி, நாளை மாலை உங்களுக்குக் கலங்கல் வரும். தண்ணீர் இழுக்க நீங்கள் புதிதாகப் போட்ட குழாயின் வாயை மூடி வையுங்கள். அது தெளியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தியம்மா